ராபர்ட்சன்பேட்டை டூர் வண்டி

ராபர்ட்சன்பேட்டையில் டூர் பஸ் என்றால் வெளியே போகிற வண்டி. 1983இல் நான் கிளீனராக ஏறிய காலத்திலிருந்து ரொம்ப வருஷம் அப்படித்தான் இருந்தது. கோலார் தங்கவயல் மைன்ஸ் ஜனங்களை ஏற்றிக்கொண்டு வேளாங்கண்ணி, மேல்மருவத்தூர், சபரிமலை, மைசூர், பேளூர், தலைக்காவிரி என்று போவோம், வருவோம். எங்கள் ஊரைப் பார்க்க வெளியிலிருந்து ஒரு வண்டி வரும் என்று அன்றைக்கு யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டோம். இப்போது வருகிறது. போகிற வண்டியிலும் வருகிற வண்டியிலும் மைக் பிடித்தவன் நான். ஒரு பஸ் நிறைய ஆட்களை அழைத்துப்போய் ஓர் இடத்தைக் காட்டுகிற வேலை எப்படி நடக்கிறது, எது அதைக் கெடுக்கிறது, எது காப்பாற்றுகிறது என்று எழுதிவைக்க வேண்டும் என்பது கொஞ்ச நாளாகவே மனசில் இருக்கிறது.

அப்போதெல்லாம் டூர் நடந்தது சீட்டுப் பணத்தில். சாம்பியன் ரீஃபிலும் மாரிகுப்பத்திலும் மைன்ஸ் தொழிலாளர்களின் லைன் வீடுகள். ஒவ்வொரு லைனுக்கும் ஓர் ஆள் பொறுப்பு. சம்பளம் வந்த வாரத்தில் வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்து ஒரு வருஷம் சேர்ப்பார். கணக்கு நோட்டு பெரும்பாலும் அவர் வீட்டம்மா கையில் இருக்கும். பஸ் முதலாளியிடம் பேச்சு கிலோமீட்டர் கணக்கில்: ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் இத்தனை கிலோமீட்டர், ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதற்குப் பணம். டிரைவர் பாத்தா என்கிற தினப்படி தனி, பர்மிட் வரி தனி, பார்க்கிங் தனி. பாதி வழியில் வெடிக்கிற சண்டையெல்லாம் இந்தத் ‘தனி’களில் இருந்துதான் கிளம்பும். நான் பொறுப்பெடுத்து வண்டி நடத்த ஆரம்பித்ததும் முதலில் கொண்டுவந்த வழக்கம் இதுதான்: கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் லைன் பெரியவர்களை உட்காரவைத்து, எதற்கெல்லாம் யார் பணம் கொடுக்க வேண்டும் என்பதை வாய்விட்டுப் படித்துக்காட்டுவது. இன்றைக்கு எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும், போன் போட்டு ஒரு தடவை படித்துவிடுகிறேன்.

அடுத்த தலைவலி முன் சீட்டு. முதலில் பணம் கட்டியவர் உரிமை கேட்பார். மலைப்பாதையில் வாந்தி எடுக்கிற பிள்ளையை வைத்திருக்கிற தாய் கெஞ்சுவாள். லைன் தலைவரின் மாமியாரை எழுப்ப யாருக்கும் தைரியம் வராது. தினம் காலையில் வரிசை மாறும், முன்னால் இருந்தவர்கள் கடைசிக்குப் போவார்கள், பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் டிரைவருக்குப் பின்னால் ஒரு சீட் எப்போதும் காலி என்று சட்டம் போட்ட பிறகுதான் அமைதி வந்தது.

டிக்கியில் அரிசி மூட்டை, அண்டா, பம்ப் ஸ்டவ், விறகுகூட இருக்கும். சமையல் மாஸ்டர்தான் அந்த வண்டியின் உண்மையான முதலாளி. முதல் நாளுக்குப் புளிசோறும் எலுமிச்சை சோறும் வீட்டிலிருந்தே வரும். தயிர்சோறு வெயில் ஏறுவதற்குள் தீர்ந்துவிட வேண்டும். இரண்டாம் நாளிலிருந்து மாஸ்டர் விடிகாலை மூன்று மணிக்குச் சத்திரத்துப் பின்கட்டில் அடுப்பு பற்றவைப்பார். அவர் உப்புமா கிண்டி முடிக்கிற நேரம்தான் வண்டி கிளம்புகிற நேரம்.

எங்கள் ஊர் இருக்கும் இடமும் விசேஷமானது. ராபர்ட்சன்பேட்டையை விட்டுக் கிழக்கே போனால் வி.கோட்டா, ஆந்திரா. அதைத் தாண்டி மலை இறங்கினால் பேர்ணாம்பட்டு, தமிழ்நாடு. இரண்டு மணி நேரத்துக்குள் மூன்று மாநிலம். செக்போஸ்ட்டில் ஜன்னலுக்குள் கையை நீட்டி ரசீது வாங்கிக்கொண்டு ஓடிவருவது என் முதல் பயிற்சி. டூரில் எந்த மொழியில் பேசினால் எந்தக் கதவு திறக்கும் என்பதை அங்கேதான் கற்றேன். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசுகிற ஊர்க்காரனுக்கு அது சுலபமாகவும் வந்தது.

வெளியே யாரும் பேசாத விஷயம் ஒன்று உண்டு: பெண்களுக்குக் கழிப்பறை. எண்பதுகளில் நெடுஞ்சாலையில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. பெண்கள் முதல் நாள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். வெயிலில் மயங்கி விழுந்தால், காலையில் சாப்பிடவில்லை என்று காரணம் சொல்வார்கள். சாப்பாடு அல்ல காரணம் என்று எனக்குச் சொன்னது சமையல் மாஸ்டரின் மனைவி. அன்றிலிருந்து என் வழித்தடங்களை நான் கோயில்களை வைத்துப் போடவில்லை, நம்பி இறக்கிவிடக்கூடிய இடங்களை வைத்துப் போட்டேன். தெரிந்த பெட்ரோல் பங்க், ஒரு கல்யாண மண்டபத்து வாட்ச்மேன், ஒரு கான்வென்ட் சிஸ்டர். அவர்களுக்கு ஒவ்வொரு பொங்கலுக்கும் போய் மரியாதை செய்துவிட்டு வருவேன். எங்கள் வண்டிக்குப் பெண்கள் கூட்டம் சேர்ந்ததற்கு என் பேச்சைவிட இதுதான் பெரிய காரணம்.

நேரம் போடுவது தனிக் கலை. தமிழ்நாட்டுக் கோயில்கள் நடுப்பகலில் நடை சாத்திவிடும், நாலு மணிக்குத்தான் திறக்கும். தொல்லியல் துறை பார்த்துக்கொள்கிற, பூஜை இல்லாத இடங்கள் பகல் முழுக்கத் திறந்திருக்கும். ஆகவே காலையில் சாமி, மத்தியானம் சிற்பம், சாயங்காலம் திரும்பவும் சாமி. பேளூர் சென்னகேசவர் இன்றும் பூஜை நடக்கிற கோயில், அவரைக் காலையில் பார்த்துவிட வேண்டும். ஹளேபீடை மத்தியானத்துக்கு வைத்துக்கொள்ளலாம். சிரவணபெளகொளாவில் அறுநூறுக்கு மேற்பட்ட படிகள், அதுவும் வெறுங்காலில் ஏற வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் அந்தப் பாறை சுடும். மே மாதம் ஜோக் அருவிக்குப் போகலாம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலிலேயே சொல்லிவிடுவேன்: மேலே லிங்கனமக்கி அணை இருக்கிறது, வெயில் காலத்தில் 830 அடி பாறையைத்தான் பார்க்கலாம், தண்ணீரைப் பார்க்க வேண்டுமானால் மழைக்காலத்தில் வாருங்கள். பள்ளிக்கூட லீவு மே மாதம்தானே என்பார்கள். அப்படியானால் வேறு இடம் போவோம் என்பேன். வராத அருவியைக் காட்டுகிறேன் என்று அட்வான்ஸ் வாங்குபவர்கள் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அடுத்த வருஷம் சீட்டு சேராது.

கைடாக நான் தேறியது சிவசமுத்திரத்தில். அதற்கு முன்னால் மற்றவர்களைப்போல ராஜா பெயர், வருஷம், உயரம் என்று ஒப்பித்துக்கொண்டிருந்தேன். ஜனங்கள் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டு நிற்பார்கள், கண் கடலைக்காரன் மேல் இருக்கும். ஒரு முறை மைசூர் போகிற வழியில் ககனசுக்கி அருவியைப் பார்க்க இறக்கினேன். எல்லாரும் அண்டர்கிரவுண்டில் வேலை பார்க்கிறவர்கள், அவர்கள் குடும்பங்கள். அருவி கொட்டுகிற சத்தத்தில் என் பேச்சு எடுபடவில்லை. அதனால் அவர்களைப் பின்னால் அழைத்துவந்து மின்நிலையம் இருக்கும் திசையைக் காட்டி, நம் மைன்ஸுக்குக் கரண்ட் வந்தது இங்கிருந்துதான் என்று சொன்னேன்.

கூட்டத்தின் சலசலப்பு நின்றது. ஒரு வயசான மேஸ்திரி என் தோளைப் பிடித்துக்கொண்டு, “இன்னா தம்பி சொல்றே, நம்ம கேஜ் ஓட்ற கரண்டா?” என்றார்.

ஆமாம், நைனா என்று விளக்கினேன். 1902இல் இந்தக் காவிரித் தண்ணீரில் மின்சாரம் எடுத்து, 92 மைல் கம்பி இழுத்துக் கோலார் தங்கவயலுக்குக் கொண்டுபோனார்கள். அவ்வளவு தூரம் மின்சாரத்தை எடுத்துப்போவது அன்றைக்கு உலகத்திலேயே பெரிய காரியங்களில் ஒன்று. பெங்களூருக்கு விளக்கு வந்தது 1905இல், நமக்குப் பிறகுதான். இதற்குப் பாடுபட்ட திவான் சேஷாத்ரி ஐயர் கம்பியில் மின்சாரம் ஓடுவதைப் பார்க்காமல் 1901இலேயே இறந்துபோனார். இவ்வளவும் சொன்னேன். மேஸ்திரி வெகுநேரம் அங்கேயே நின்றார். கேஜில் ஏறி பாதாளத்துக்கு இறங்கி, அதே கேஜில் மேலே வந்து, முப்பது வருஷம் உயிரை ஒப்படைத்திருந்த கம்பியின் மறு நுனியை அவர் அன்றைக்குத்தான் பார்க்கிறார். பஸ்ஸில் ஏறியதும் மற்றவர்களுக்கு அவரே சொல்ல ஆரம்பித்தார். நான் மைக்கை அவரிடம் கொடுத்தேன்.

பார்க்க வந்தவரின் வாழ்க்கைக்கும் அந்த இடத்துக்கும் நடுவே எங்கேயோ ஒரு கம்பி ஓடுகிறது, அதைக் கண்டுபிடிப்பதே என் வேலை என்று அன்றைக்கு எடுத்துக்கொண்டேன். அதன் பிறகு படிக்க ஆரம்பித்தேன். கோலாரம்மா கோயிலுக்கு எங்கள் ஜனங்கள் காலங்காலமாகப் போகிறார்கள். கண்ணாடியில் அம்மனைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, தேள் கடிக்காமல் இருக்கச் சேளம்மாவுக்கு உண்டியலில் காசு போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். அந்தச் சுவரிலே ராஜேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. ‘நாம் மைன்ஸுக்குப் பிழைக்க வந்தவர்கள்’ என்று மட்டுமே தங்களை நினைத்திருந்த வட ஆர்க்காட்டு, சேலத்துக் குடும்பங்கள் அந்தக் கல்லில் ஒன்றிரண்டு எழுத்தை அடையாளம் கண்டு தடவிப் பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன். சிரவணபெளகொளாவில் கோமடேசுவரரின் காலடிப் பக்கத்தில், சாமுண்டராயன் இதைச் செய்வித்தான் என்ற செய்தி கன்னடத்திலும் தமிழிலும் மராத்தியிலும் வெட்டியிருக்கிறது. ஐம்பத்தெட்டு அடிச் சிலையை அண்ணாந்து பார்த்துவிட்டு இறங்கிவிடாதீர்கள், குனிந்தும் பாருங்கள் என்று ஒவ்வொரு குழுவுக்கும் சொல்கிறேன்.

அந்த மூன்று மொழி எனக்கு அவ்வளவு முக்கியமாகிப்போனதற்குக் காரணம் 1991 டிசம்பர். காவிரித் தீர்ப்பாயத்தின் இடைக்கால உத்தரவுக்குப் பிறகு பெங்களூரிலும் மைசூர்ப் பக்கத்திலும் தமிழர்கள் மேல் கலவரம். எங்கள் வண்டி அப்போது தமிழ்நாட்டில் இருந்தது. உள்ளே தமிழ் ஜனங்கள், வெளியே கர்நாடகா நம்பர் பிளேட். அந்தப் பக்கம் போனால் முன்னால் கட்டியிருக்கிற தமிழ் பேனர் ஆபத்து, இந்தப் பக்கம் நின்றால் பின்னால் இருக்கிற நம்பர் ஆபத்து. ஒரு சின்ன ஊர் பள்ளிக்கூடத்து மைதானத்தில் வண்டியை நிறுத்தினோம். ஊர்க்காரர்கள் முதலில் நம்பரைப் பார்த்துக் கோபமாக வந்தார்கள். சமையல் மாஸ்டரின் மனைவி இறங்கி, “நாங்க உங்க ஜாதி ஜனந்தான் கண்ணு, பொழைக்கப் போன ஊரு அது” என்று சொன்ன பிறகு அவர்களே அரிசி கொண்டுவந்து கொடுத்தார்கள். நிலைமை அடங்கியதும் இரவோடு இரவாக வி.கோட்டா வழியே ஊர் வந்து சேர்ந்தோம்.

அதற்குப் பிறகு என் பேனரெல்லாம் இரண்டு மொழியில். மைக்கிலும் இரண்டு மொழியில் பேசுவேன், வண்டியில் ஒரே ஒரு கன்னடக் குடும்பம் இருந்தாலும் சரி. தலக்காட்டில் சோழர் படையைத் தோற்கடித்த ஹொய்சள விஷ்ணுவர்தனன் பேளூர்க் கோயிலை 1117இல் கட்டினான் என்பதை எங்கள் ஆட்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். “நம்மாளு தோத்த கதைய ஏன் சொல்றே?” என்று கேட்பவர்கள் உண்டு. அந்தத் தோல்வி இல்லாவிட்டால் இந்தக் கோயில் இல்லை, ஐயா, பார்க்க வந்தது கோயிலைத்தானே என்பேன். கல்லுக்குத் தெரிந்த உண்மையைப் பார்க்க வருகிற ஜனங்களிடம் மறைத்துவிட்டு மைக் பிடிப்பதில் எனக்கு இஷ்டம் இல்லை. 2016 செப்டம்பரில் பெங்களூரில் பஸ்கள் எரிந்தபோது, வாங்கியிருந்த அட்வான்ஸை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுக்காமல் இருந்தேன்.

கடை விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். பட்டுக் கடை, சந்தனக் கடை என்று நிறுத்தினால் டிரைவருக்கும் கைடுக்கும் கமிஷன் உண்டு. குறைந்த விலைக்கு டூர் போடுகிறவர்கள் அந்தக் கமிஷனை நம்பித்தான் போடுகிறார்கள். பயணிக்குக் கோயிலில் அரை மணி, கடையில் ஒன்றரை மணி. அதனால்தான் டிரைவருக்குப் பாத்தாவைக் கூட்டிக் கொடுத்துவிட வேண்டும் என்பது என் பிடிவாதம். பாத்தா நியாயமாக இருந்தால் அவர் கடை வாசலைத் தேட மாட்டார், ராத்திரியில் தூங்கவும் தூங்குவார். தூங்காத டிரைவரைவிடப் பெரிய ஆபத்து எந்த மலைப்பாதையிலும் கிடையாது.

2001 பிப்ரவரி 28 அன்று மைன்ஸை மூடினார்கள். கவர்மென்ட் கையில் இருந்த பாரத் தங்கச் சுரங்க நிறுவனம், நூற்றிருபது வருஷத்தில் சுமார் 800 டன் தங்கம் கொடுத்த வயல், ஒரு நாளில் ஓய்ந்தது. சங்கு நின்றது. லைனில் சீட்டுப் பிடிக்க ஆளில்லை, கட்டவும் பணமில்லை. காலை ரயிலில் மாரிகுப்பத்திலும் ஊர்காமிலும் கூட்டம் கூட்டமாக ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்பினார்கள். தினம் அப்படிப் போய்வருகிறவனிடம் ஞாயிற்றுக்கிழமையும் பஸ் ஏறு என்று எப்படிச் சொல்வது? என்னோடு இந்தத் தொழிலில் இருந்தவர்களில் பாதிப் பேர் பெங்களூரில் ஸ்கூல் வேன் ஓட்டப் போய்விட்டார்கள். நான் வேளாங்கண்ணி வண்டியையும் மேல்மருவத்தூர் வண்டியையும் மட்டும் விடாமல் நடத்தினேன். பணமில்லாவிட்டாலும் நேர்ச்சை இருந்தது.

உள்ளே வருகிற வண்டி அந்தக் காலத்தில்தான் தொடங்கியது. வெளிநாட்டுக்குப் போய்விட்ட ஆங்கிலோ இந்தியர்கள் பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்குக் கோயில், அருவி எதுவும் வேண்டாம். தாத்தா குடியிருந்த பங்களா, ஞானஸ்நானம் பெற்ற சர்ச், கிளப், கல்லறை. ஒரு பாட்டி சாம்பியன் ரீஃப் விக்டரி மாதா கோயிலில் அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, “பசங்களா, இங்கதான் எனக்குக் கல்யாணம்” என்று தமிழில் சொன்னார். ஆஸ்திரேலியாவில் பிறந்த பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் இங்கிலீஷில் சொன்னேன்.

அப்படி வந்தவர்களில் ஓர் அயர்லாந்துத் தம்பதியை மறக்க முடியாது. அந்த அம்மாவின் தாத்தா இங்கே வேலை பார்த்தவர். கணவர் அவர் ஊரில் முப்பது வருஷத்துக்கு மேல் டூரிஸ்ட் கோச் ஓட்டியவர். அங்கே டிரைவரே கைடு, ஓட்டிக்கொண்டே பேச வேண்டும். நாங்கள் இருவரும் ஒரே தொழில் என்று தெரிந்ததும் அந்த அம்மா கல்லறையில் பெயர் தேடுவதை மறந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டார். நான் என் பங்குக்கு ஒரு செய்தி வைத்திருந்தேன். பழைய பத்திரிகை ஒன்றில், 1802இல் இங்கே சர்வே செய்த ஜான் வாரன் எழுதிய தங்கக் குறிப்பைப் படித்துவிட்டு, 1871இல் பெங்களூரிலிருந்து மாட்டு வண்டியில் கோலார் வந்து தேடியவர் மைக்கேல் ஃபிட்ஜெரால்ட் லவெல். நியூசிலாந்துப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய், அயர்லாந்துக்காரர். 1875இல் மைசூர் சமஸ்தானத்திடம் குத்தகை வாங்கினார். பெங்களூர் லவெல் ரோடு அவர் பெயர்தான். தங்கத்தைப் பெரிதாக எடுத்தது பிறகு வந்த ஜான் டெய்லர் கம்பெனி. ஆனால் முதலில் வண்டி கட்டிக்கொண்டு வந்தவர் உங்கள் ஊர்க்காரர் என்றேன். அந்த மனிதர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

அன்று ராத்திரி லாட்ஜ் வராந்தாவில் உட்கார்ந்து தொழில் பேசினோம். அவர்கள் பக்கம் கெர்ரி மாவட்டத்தில் கடலோரமாக மலையைச் சுற்றிவருகிற ஒரு சாலை உண்டாம், சுமார் 180 கிலோமீட்டர். குறுகலான வழி என்பதால் டூர் பஸ்கள் எல்லாம் கில்லார்னியில் புறப்பட்டு ஒரே திசையில், இடஞ்சுற்றாகத்தான் போகும். எதிரெதிரே இரண்டு பஸ் சிக்கக் கூடாது. நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி நேரம் ஓய்வு கட்டாயம், வண்டியில் இருக்கிற கருவி அதைப் பதிவுசெய்யும், மீறினால் அபராதம். நியூகிரேஞ்ச் என்று ஐயாயிரம் வருஷத்துக்கு முந்திய கல்லறை மேடு ஒன்று. அதன் வாசல் வரைக்கும் எந்த டூர் பஸ்ஸும் போக முடியாது. பார்வையாளர் மையத்தில் இறங்கி அவர்களுடைய சின்ன பஸ்ஸில் ஏற வேண்டும், உள்ளே சில பேராகத்தான் விடுவார்கள். சீட் மாற்றுகிற வழக்கம் அங்கேயும் இருக்கிறது என்றார். அதைக் கேட்டபோது எனக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சமல்ல.

அவர் சொன்னதில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு. அரிக்னா என்கிற ஊர். நிலக்கரிச் சுரங்கம், மெல்லிய படிவம், அதனால் ஆட்கள் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டே வெட்டுவார்கள். 1958இல் பக்கத்தில் கட்டிய மின்நிலையத்துக்கு அந்தக் கரிதான் போயிற்று. 1990இல் சுரங்கத்தை மூடினார்கள். 2003இல் அதையே பார்வையாளர்களுக்குத் திறந்தார்கள். உள்ளே அழைத்துப்போய்க் காட்டுவது யார் என்று கேட்டேன். அங்கே வெட்டிய தொழிலாளர்களே என்றார். என் பஸ் ஆட்கள் அங்கே இறங்கினால் நான் வாயைத் திறப்பதில்லை, அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன் என்றார்.

எங்கள் சுரங்கத்துக்குள் யாரையும் அழைத்துப்போக முடியாது. பம்பு நின்றதும் தண்ணீர் ஏறிவிட்டது. மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம், அடியில் பாறையே 60 டிகிரிக்கு மேல் சுடும். பாறை வெடித்துச் சிதறுகிற ராக் பர்ஸ்ட் என்றால் இன்றும் எங்கள் வீடுகளில் பேச்சு நின்றுவிடும். ஆனால் அங்கே இறங்கியவர்கள் இருக்கிறார்கள். இருக்கும்போதே அவர்கள் வாயால் கேட்டுவிட வேண்டும் என்கிற அவசரம் அன்றைக்கு எனக்குள் புகுந்தது, இன்னும் போகவில்லை. சிலிகா தூள் தின்ற நுரையீரல் அது. வருஷத்துக்கு வருஷம் ஆட்கள் குறைகிறார்கள்.

2018இல் எங்கள் ஊர்ப் பெயரிலேயே ஒரு சினிமாப் படம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெங்களூரிலிருந்து பைக்கும் வேனுமாகப் பையன்கள் வந்து, படத்தில் பார்த்த ஊர் எங்கே என்று கேட்டார்கள். சைனைடு மேட்டின் முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பாறையை அரைத்துத் தங்கம் எடுத்த பிறகு கொட்டிய கழிவு அது. காற்றடிக்கிற மாசத்தில் அந்தத் தூள் எங்கள் வீட்டுச் சோற்றில் விழும். அதைச் சொன்னால் படத்தில் இது வரவில்லையே என்பார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, வந்தார்களே என்ற நன்றிதான். 2024இல் தங்கலான் படம் வந்த பிறகு வருகிறவர்களின் கேள்வி கொஞ்சம் மாறியிருக்கிறது. முதலில் வந்து தோண்டியவர்கள் யார், எந்தக் கிராமத்திலிருந்து வந்தார்கள், அவர்கள் வீடு எங்கே என்று கேட்கிறார்கள். அவர்கள் குடியிருந்த தட்டி வீட்டைப் பற்றியும், மாரிகுப்பத்தில் நூறு வருஷத்துக்கு முன்பே அயோத்திதாசப் பண்டிதர் வழியில் பௌத்த சங்கம் நடத்தியவர்களைப் பற்றியும் இப்போதுதான் என்னால் மைக்கில் பேச முடிகிறது. அதற்கு முன்னால் கேட்க ஆளில்லை.

இப்போது என் வண்டி பங்காரப்பேட்டையில் அவர்களை ஏற்றிக்கொள்கிறது. ரயிலில் வருகிறவர்களை மாரிகுப்பம் வரைக்கும் ரயிலிலேயே வரச் சொல்கிறேன். 1894இல் சுரங்கத்துக்காகவே போட்ட பாதை அது, கடைசி ஸ்டேஷன் வரை உட்கார்ந்து பார்த்தால் ஊரின் அமைப்பு தானாகப் புரிந்துவிடும். பிறகு லைன் வீடுகள், சர்ச், பழைய ஷாஃப்டுகளை ரோட்டிலிருந்தே பார்ப்பது. உள்ளே போக அனுமதி கிடையாது. காவலாளியிடம் கெஞ்சவோ கையில் காசு வைக்கவோ நான் யாரையும் விடுவதில்லை. பேத்தமங்கலம் ஏரி, மைன்ஸுக்குத் தண்ணீர் கொடுத்தது. கம்மசந்திரத்தில் 108 அடி கோடிலிங்கேஸ்வரர். நேரம் இருந்தால் குருடுமலைப் பிள்ளையார், இல்லாவிட்டால் ஆவணி. ஹைதர் அலி பிறந்த பூதிகோட்டையை வரலாறு படிக்கிற பிள்ளைகளுக்கு மட்டும்.

வண்டியில் எப்போதும் அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்த இரண்டு பெரியவர்கள் வருகிறார்கள். டிரைவருக்கு என்ன பாத்தாவோ அதே பாத்தா அவர்களுக்கும். அவர்கள் நடக்கிற வேகம்தான் குழுவின் வேகம், மேடு ஏற மாட்டோம். என்ன பேச வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுப்பதில்லை. ஒரே ஒரு வேண்டுகோள்: இருவரையும் வேறு வேறு மைனிலிருந்து எடுப்பேன், ஒருவர் சொல்வதை மற்றவர் மறுத்தால் மறுக்கட்டும்.

போன மாதம் ஒரு பள்ளிக்கூடத்துக் குழு வந்தது. சாம்பியன் ரீஃபில் நிறுத்தி, 1965இல் டாடா ஆய்வு நிறுவனத்து விஞ்ஞானிகள் இங்கே இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே கருவி வைத்து, காற்றுமண்டலத்தில் பிறந்து பாறையை ஊடுருவிவருகிற நியூட்ரினோவைப் பிடித்தார்கள் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். உலகத்தில் முதன்முதலாகப் பிடித்தவர்களில் அவர்களும் சேர்த்தி. பிள்ளைகள் குறிப்பெடுத்தார்கள். ஒரு சின்னப் பெண் மட்டும் என்னை விட்டுவிட்டுப் பெரியவர் பக்கம் திரும்பி, “தாத்தா, அவ்ளோ கீழே எப்படி மூச்சு விட்டீங்க?” என்றாள்.

அவர் அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். குளிரூட்டிய காற்றை எப்படி இறக்குவார்கள், கேஜ் இறங்கும்போது காது எப்படி அடைக்கும், வெடி வைத்த பிறகு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், பாறை பேசுகிற சத்தத்தை எப்படிக் கேட்பது என்று ஆரம்பித்தார். மற்றவர் குறுக்கிட்டு, எங்க மைன்ல அப்படி இல்ல என்றார். இருவருக்கும் வாக்குவாதம். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். ஆசிரியை கடிகாரத்தைக் காட்டினார். நான் தள்ளிப்போய் டிரைவருக்குப் போன் போட்டு, சாப்பாட்டை இங்கேயே கொண்டுவந்துவிடு, கோடிலிங்கேஸ்வரரைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.